ஓரதூர்-சூர்-கிளான் நினைவு மையம்: அரை நாளாவது ஒதுக்குங்கள்

பிரான்சின் லிமோஜ் நகருக்கு வடமேற்கே, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓரதூர்-சூர்-கிளான் என்னும் சிற்றூரில், 1944 ஜூன் 10 அன்று நாஜி எஸ்.எஸ். படையினர் ஆண்களைக் கொட்டகைகளிலும், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்திலும் அடைத்துக் கொன்று, ஊரையே கொளுத்தினர். இறந்தவர்கள் 640க்கும் மேல். போருக்குப் பின் புதிய ஊரை அருகிலேயே கட்டிக்கொண்டு, எரிந்த ஊரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

1999இல் திறக்கப்பட்ட நினைவு மையத்தின் வழியாகத்தான் இடிபாடுகளுக்குள் செல்ல வேண்டும். கண்காட்சிக்குக் கட்டணம் உண்டு, இடிபாடுகளுக்கு இல்லை. நாஜிகளின் எழுச்சியிலிருந்து படுகொலை வரை விளக்கும் அக்கண்காட்சியை முதலில் பார்த்துவிடுவதே நல்லது, ஏனெனில் உள்ளே விளக்கப் பலகைகள் மிகக் குறைவு. டிராம் தண்டவாளம், துருவேறிய கார்கள், வீட்டுக்கு வீடு கூரையின்றிக் கிடக்கும் தையல் இயந்திரங்கள்: திருப்பூரில் தையல் ஓசையோடு வளர்ந்த எங்களால் அந்த இயந்திரங்களைக் கடந்து எளிதில் நகர முடியவில்லை.

கோவையிலிருந்து எங்களை அழைத்துச் சென்ற பயண நிறுவனம் இதற்கு ஒரு மணி நேரமே ஒதுக்கியது பெருங்குறை. தனியாகச் செல்வோர் பாரிஸின் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜுக்கு ரயிலில் வரலாம். திறந்தவெளியில் நெடுநேரம் நடக்க வேண்டியிருப்பதால், பெரியவர்களுக்கு நல்ல காலணி அவசியம்.