வரி கட்டியாச்சு, குழாயில் காற்றுதான் வருகிறது

இந்த முறை லீவில் பாதி நகராட்சி அலுவலகத்தில்தான் போனது. அப்பா போன பிறகு பூட்டிக் கிடக்கும் வீடு, கேட்டில் சொத்து வரி பாக்கிக்காக ஜப்தி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதுமே வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் நான் இருப்பது அமெரிக்காவின் மினியாபோலிஸ். இங்கே ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின், வட்டி, அபராதத்தோடு 15,000 டாலர் ஆன வரி பாக்கிக்காக அவர் வீட்டை எடுத்து 40,000-க்கு விற்ற கவுன்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி), மிச்சப் பணத்தையும் தானே வைத்துக்கொண்டது. அது செல்லாது என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஊரில் ஏலம் வரை போகவில்லை, குடிநீர் இணைப்பைத்தான் வெட்டியிருந்தார்கள்.

பணம் கட்டுவது சுலபம். வரி விதிப்பு எண்ணைப் போட்டால் அரையாண்டு வாரியாகப் பாக்கி வந்துவிடுகிறது. 2022 சொத்து வரி சீராய்வில் எங்கள் வீடு மாதிரி 1,201 முதல் 1,800 சதுர அடி உள்ளவற்றுக்கு 75 சதவீதம் ஏற்றினார்கள், அதற்கு மேல் மாதம் 1 சதவீத வட்டி. அப்பாவின் பழைய ஃபைலில் கையால் எழுதிய ரசீது ஒன்று இருந்தது, கணினியிலோ அந்த அரையாண்டு பாக்கி என்று நின்றது. கவுண்டரில் இருந்த பெண் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி அங்கேயே கழித்துக்கொடுத்தார். நல்ல மனுஷி.

கட்டிய பிறகுதான் கதையே. ரசீது கையில், குழாயில் காற்று. பில் கலெக்டரிடம் கேட்டால், "வரி க்ளியர் சார், தண்ணி வேற செக்‌ஷன்" என்கிறார். அங்கே குடிநீர்க் கட்டண பாக்கி தனி, மறு இணைப்புக்கு மனு தனி. சரி, நோட்டீஸை ரத்து செய்ததாக எழுதிக் கொடுங்கள் என்றால், "ரசீதே ஆதாரம்தானே சார்" என்கிறார்கள். விடவில்லை. நோட்டீஸ் எண், ரசீது எண் இரண்டையும் குறிப்பிட்டு ஆணையருக்கு மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த சீலை மட்டும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.

தண்ணீர் வந்துவிட்டது. பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை, வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறது. அப்புறம் ஒன்று, பதிவில் இருந்த செல்போன் எண் அப்பாவுடையது, குறுஞ்செய்தி எல்லாம் செத்துப்போன சிம்முக்குத்தான் போயிருக்கிறது. எண்ணை மாற்றிவிட்டேன். ஏப்ரல், அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் தள்ளுபடியும் உண்டு.