எச்சரிக்கை: 890 யூரோவுக்கு யாரோ ஒருவருடைய தாத்தாவை வாங்கி வந்தேன்

முதலில் விஷயம், கதை அப்புறம். ஐரிஷ் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடிக் கொடுக்கிறோம், பழைய படங்களைச் சீர்செய்து தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்திடம் 890 யூரோவையும் ஒரு குடும்பப் புகைப்படத்தையும் பறிகொடுத்தேன். பணம் போனால் நாலைந்து நைட் ஷிப்ட் கூடப் பார்த்துச் சம்பாதித்துவிடலாம். அந்தப் படத்துக்கு நகல் கிடையாது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்கு உதவாது, இப்போது வேறு பெயரில் கடை விரித்திருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அதுதான் பிரயோஜனம்.

நான் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் பதினான்கு வருடமாக நர்ஸ். வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். மாமியாருக்கு வயது 78. (அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், இங்கே அதுதான் வழக்கம். ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.) மாமியாரின் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதில் ஜெபமாலை, ரசீதுகள், அவற்றுக்கு அடியில் துணியில் சுற்றிய ஒரே ஒரு படம்.

தடித்த அட்டையில் ஒட்டிய படம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பிரம்பு நாற்காலியின் முதுகில் கை வைத்து ஒரு பெண் நிற்கிறாள், இருபது வயது இருக்கும். தோளிலிருந்து முழங்கை வரை பலூன் மாதிரி உப்பிய கை வைத்த சட்டை. கழுத்திலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஒரு ஊசி குத்தியிருக்கிறது. படத்தின் பின்பக்கம் பென்சிலில் “நோனி, கிளம்பும் முன்” என்று எழுதியிருக்கும். எழுதியவர் மாமியாருடைய பாட்டி. நோனி அந்தப் பாட்டியின் அக்கா. ஹனோரா என்ற பெயரைச் செல்லமாக அப்படிச் சொல்வார்கள். குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில், இப்போது அதன் பெயர் கோவ், கப்பலேறி அமெரிக்கா போனவள். அந்தக் காலத்தில் அமெரிக்கா போகிறவர்களுக்கு முந்தின இரவு சாவு வீட்டில் கூடுவதுபோலவே ஊர் கூடி, விடிய விடியக் கண்விழித்து அனுப்பிவைப்பார்கள். திரும்பி வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நோனியிடமிருந்து கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அவள் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பது மாமியாரின் வெகுநாள் ஆசை. பிறந்தநாள் பரிசாக அதைக் கொடுத்துவிடலாம் என்று எனக்குப் பட்டது.

நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு கோட்டைப் படம், யாழ்ச் சின்னம், வாடிக்கையாளர்கள் கண்ணீர் விட்ட கதைகள். மெயில் அனுப்பிய அரைமணி நேரத்தில் பதில். விலை 990 யூரோ, வங்கி வழியாக நேரே அனுப்பினால் 100 குறைப்பு. அந்த நூறு யூரோவுக்கு ஆசைப்பட்டதுதான் என் முதல் தப்பு. கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருந்திருக்கும். இரண்டாவது தப்பு படம். நாம் ஸ்கேன் செய்தால் நுணுக்கம் போய்விடுமாம், மூலப்படமே வேண்டுமாம். பதிவுத் தபாலில் அனுப்பினேன். அனுப்பும் முன் சமையலறை மேஜையில் வைத்து போனில் ஒரு படம் எடுத்தேன், முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தை எடுக்கத் தோன்றவே இல்லை.

பதினொரு வாரம் கழித்துப் புத்தகம் வந்தது. பச்சை ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, 64 பக்கம், முதல் பக்கத்தில் “சல்லிவன் குலச்சின்னம்”. பிறந்தநாள் அன்று எல்லாரும் சுற்றி உட்கார, மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். நோனியின் அப்பா டேனியல் 1844இல் பிறந்தாராம். டேனியலின் அப்பா ரிச்சர்ட், நிலச்சுவான்தார், வீட்டுக்குப் பக்கத்தில் கோட்டை. கொழுந்தன்கள் கைதட்டினார்கள். மாமியார் மட்டும் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: “எல்லாம் சரி, இதில் ஜெரமையா எங்கே?”

அந்த ஒரு கேள்வியில் புத்தகம் சரிந்துவிட்டது. நம்மிடம் பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்ததுதானே, தாத்தா பெயரைச் சுமப்பவன். இங்கேயும் பழைய குடும்பங்களில் ஏறக்குறைய அதே வழக்கம்: மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். எல்லாரும் தவறாமல் செய்தார்கள் என்று இல்லை, ஆனால் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். மாமியார் வீட்டில் டேனியலின் மூத்த மகன் ஜெரமையா. அவருக்குப் பிறகு தலைமுறைக்கு ஒரு ஜெரமையா. கார்க், கெர்ரி பக்கம் டியர்மிட் என்ற ஐரிஷ் பெயரை ஆங்கிலப் பதிவுகளில் ஜெரமையா என்று எழுதுவார்கள், டைக் என்பதை டிமத்தி என்று எழுதுவார்கள். இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் இது அரிச்சுவடி. அவர்கள் கொடுத்த மரத்தில் பேருக்குக்கூட ஒரு ஜெரமையா இல்லை.

மறுவாரம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிராண்ட் பரேடில் இருக்கும் நகர நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்தவர் பத்து நிமிடம் புரட்டினார், சிரிக்கவில்லை. டேனியலின் 1844ஆம் வருடப் “பிறப்புச் சான்றிதழ்” முத்திரையோடு அச்சாகியிருந்த பக்கத்தைக் காட்டி, அயர்லாந்தில் அரசு பிறப்பைப் பதிய ஆரம்பித்ததே 1864இல்தான் என்றார். கத்தோலிக்கத் திருமணங்களும் அந்த வருடம்தான், மற்றவர்களின் திருமணங்கள் மட்டும் 1845இலேயே தொடங்கிவிட்டன. அதற்கு முன் பிறந்த கத்தோலிக்கருக்குக் கிடைத்தால் ஞானஸ்நானப் பதிவுதான் உண்டு. அடுத்து “1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்”. அப்படி ஒரு தாளே உலகத்தில் இல்லை. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களைப் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. 1821 முதல் 1851 வரையிலான நான்கும் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் அந்தக் கட்டிடம் வெடித்து எரிந்தபோது சில துணுக்குகள் தவிர எல்லாம் போயின. கருகிய காகிதங்கள் நகரமெங்கும் பறந்து விழுந்தனவாம். 19ஆம் நூற்றாண்டு ஐரிஷ் குடும்பத்துக்கு வருடம் தவறாமல் தாள் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

புத்தகத்தோடு ஒரு “மூலப்படம்” வேறு அனுப்பியிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர். “ரிச்சர்ட், 1847, பஞ்ச காலம்” என்று அடியில் அச்சிட்ட சீட்டு. நூலகக்காரர் படத்தைப் பார்க்கவே இல்லை, நேரே திருப்பினார். பின்பக்கம் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் செய்திக்கு, வலப்பக்கம் முகவரிக்கு, மூலையில் அரைப் பென்னி தபால்தலை ஒட்டச் சொல்லி ஒரு கட்டம். தபால் அட்டையின் பின்பக்கத்தை பிரிட்டிஷ் தபால் துறை இப்படி இரண்டாகப் பிரித்தது 1902இல். அன்றைக்கு அயர்லாந்தும் அதே தபால் துறையின் கீழ்தான். பழைய சாமான் சந்தையில் இரண்டு யூரோவுக்கு வாங்கியிருப்பார்கள். பாவம், அந்தப் பெரியவர் யார் பெற்ற பிள்ளையோ.

எனக்கு ரொம்பப் பிடித்த பொய் இது: அவர்கள் தந்த அட்டவணையில் 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு நடுவே எல்லாருக்கும் சரியாகப் பத்து வயது கூடியிருந்தது. உண்மையான டேனியலை நாங்களே பிறகு கண்டுபிடித்தோம். 1901 தாளில் வயது 55, 1911 தாளில் 71. கணக்கு வராதது அவர் தப்பில்லை. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு அரசு பென்ஷன் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஊரில் நாடு முழுக்கப் பெரியவர்கள் திடீரென்று மூப்படைந்தார்கள். மாமியார் இதைக் கேட்டு ஒரு மணி நேரம் சிரித்தார். “அது எங்க ஆள்தான், சந்தேகமே இல்லை.”

நோனியைப் பற்றி ஒரே ஒரு பத்தி. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைப் பதிந்த எல்லிஸ் தீவில் அதிகாரி அவள் பெயரை மாற்றி எழுதிவிட்டதால் தேட முடியவில்லையாம். இதுவும் ஊரறிந்த கட்டுக்கதை. அங்கே இருந்த எழுத்தர்கள் பெயர் கேட்டு எழுதியவர்கள் இல்லை, கப்பல் கம்பெனி கொடுத்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தவர்கள். 1892 ஜனவரி 1 அன்று அந்தத் தீவு திறந்தபோது முதலில் பதிவானவளே குவீன்ஸ்டவுனில் ஏறிய கார்க் பெண், ஆனி மூர். பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன, தேடலாம். நாங்கள் தேடியதில் இதுவரை வயது ஒத்துவரும் ஒன்பது ஹனோரா சல்லிவன்கள். இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன்தான். நம்மூர் மேலவீடு, கீழவீடு மாதிரி கிளைக்கொரு பட்டப்பெயர் வைத்துத்தான் ஊரில் பிரித்துச் சொல்வார்கள். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில்கூட ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்கப் பக்கத்தில் அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ போட்டிருப்பார்கள்.

கொடுமை என்னவென்றால், 890 யூரோவுக்கு நான் வாங்கப் போனது பெரும்பாலும் இலவசம். 1901, 1911 தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் அசல் கையெழுத்தோடு கிடைக்கின்றன. நூறு வருடம் தாண்டிய பிறப்பு, எழுபத்தைந்து தாண்டிய திருமணம், ஐம்பது தாண்டிய இறப்புப் பதிவுகளை அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் பார்க்கலாம். டேனியலின் திருமணப் பதிவை அங்கேதான் எடுத்தோம். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, தந்தை பெயர் என்ற இடத்தில் ஜெரமையா. பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளை, ஏறக்குறைய 1880 வரை, தேசிய நூலகம் 2015இல் படமாகவே போட்டுவிட்டது. பெயர்கள் லத்தீனில் இருக்கும், மை படர்ந்திருக்கும், ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். டப்ளின் கில்டேர் தெருவில் அதே நூலகத்தில் நேரில் போனால் காசு வாங்காமல் வழி சொல்வார்கள். ஆள் வைத்துத்தான் தேடவேண்டும் என்றால் தகுதி பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் அக்ரெடிட்டட் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அயர்லாந்து என்ற சங்கத்தின் பட்டியலைப் பாருங்கள். பரங்கிமலை, பெரம்பூர் பக்கத்து ஆங்கிலோ இந்தியத் தோழி ஒருத்தி தன் ஐரிஷ் சிப்பாய்த் தாத்தாவுக்காக இதே நிறுவனத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள், நல்ல வேளை தடுத்தேன். இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணங்களைத் தேட லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குத்தான் போகவேண்டும்.

குலச்சின்னமும் அப்படித்தான். அது தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் கொடுக்கப்படுவது, சல்லிவன் என்று பெயர் வைத்தவனுக்கெல்லாம் பொது கிடையாது.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதல் மெயிலுக்கு “ஆய்வில் மாறுபட்ட முடிவுகள் சகஜம்” என்று பதில். படத்தைக் கேட்டதற்குக் கூரியரில் அனுப்பிவிட்டோம் என்றார்கள், எண் கேட்டேன், அதோடு மௌனம். இங்கே 2,000 யூரோ வரை உள்ள வழக்குகளுக்கு 25 யூரோ கட்டி வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு போடலாம். ஆனால் எதிராளிக்கு ஒரு முகவரி வேண்டுமே. அவர்களுடையது ஒரு வாடகைத் தபால் பெட்டி. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் வீட்டுக்காரர் அவர்களுடைய புதுப் பெயரைக் கண்டுபிடித்தார். அதே கோட்டை, அதே யாழ், மாதிரிப் பக்கத்தில் வேறு ஒரு குடும்பத்தின் புத்தகம். “பிரிஜட் ஓ பிரையன், கிளேர், 1851” என்று போட்டு, பளபளவென்று சீர்செய்த ஒரு படம். பிரம்பு நாற்காலி. பலூன் கை, 1890களின் நடுவில் வந்த மோஸ்தர் அது என்று நூலகக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மாமியார் திரையைத் தொட்டுப் பெரிதாக்கினார். மூன்றாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் அழகாக ஒரு பொத்தான் வரைந்திருந்தார்கள். “ஊசியை எடுத்துட்டாங்க,” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் நண்பர்களுக்கு, பச்சை அட்டைப் புத்தகம் வந்து அதில் இந்தப் பெண் இருந்தால், அவள் உங்கள் வீட்டுப் பாட்டி இல்லை. கூடவே தடித்த அட்டையில் அசல் படமும் வந்திருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பென்சில் எழுத்து இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், தபால் செலவு நான் தருகிறேன்.