பாத்ரூம் தரைக்கு ராஃப் டைல் அட்ஹெசிவ் (டைல்ஸ் ஒட்டுற பசைப் பவுடர்), போட்டு 7 மாசம் ஆச்சு

எங்க பாத்ரூம் 6க்கு 4 அடிதான், ஆனா பழைய டைல்ஸ் போட்டு 15 வருஷம் ஆயிருந்துச்சு, தட்டுனா பாதி கல்லு டொப்பு டொப்புன்னு சத்தம் வரும், ரெண்டு கல்லு விரிசல் விட்டு தண்ணி அடியில எறங்கி ஒரே வாடை. அம்மாவுக்கு 70 வயசு, அவங்கள தனியா உள்ள விடவே பயமா இருந்துச்சு.

மொதல்ல வந்த மேஸ்திரி அடி சாந்து வரைக்கும் மொத்தமா கொத்தி எடுக்கணும்னு சொல்லிட்டாரு. அடுத்து வந்தவரு ஒரே ஒரு கல்ல பேத்து, கீழ சுத்தியலால தட்டிப் பார்த்துட்டு, "அக்கா, சாந்து கெட்டியா இருக்கு, வாட்டமும் ஓட்டைய பார்த்து சரியா போகுது, இத ஏன் ஒடைக்கணும்?"னாரு. பேத்த கல்ல திருப்பிக் காமிச்சாரு, முதுகுல நாலு உருண்டை சிமெண்ட்தான் ஒட்டியிருக்கு, மிச்ச இடம் பூரா வெறுசா இருக்கு! அந்த சந்துலதான் இத்தன வருஷமா தண்ணி நின்னிருக்கு.

அதனால பழைய கல்ல மட்டும் பூரா பேத்து எடுத்தோம். மூலையில கையகலம் சாந்து உதிர்ந்துச்சு, அத மட்டும் வெட்டி புதுசா அடைச்சாரு. மேல ரெண்டு கோட் வாட்டர்ப்ரூஃப், காஞ்சதும் ஓட்டைய அடைச்சு ஒரு நாள் பூரா தண்ணி கட்டி வெச்சோம், கீழ் வீட்டு சீலிங்ல ஈரமே இல்ல.

அட்ஹெசிவ் 20 கிலோ மூட்டை ஒண்ணு போதுமா இருந்துச்சு. கடைக்காரர் சிமெண்ட் பாலே போதும்மான்னாரு, நான் கேக்கல, பழைய கல்லு கதை அதுதானே. தண்ணியில கலந்து அஞ்சு பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்கணும், கெட்டியாயிடுச்சுன்னு அப்புறம் தண்ணி ஊத்தவே கூடாது. பல்லு வெச்ச கரண்டியால கோடு கோடா இழுத்து கல்ல அமுக்குனாரு, நான் கேட்டேன்னு ஒண்ண ஒடனே எடுத்துக் காமிச்சாரு, முதுகு முழுக்க அப்பியிருந்துச்சு, எனக்கு அவ்ளோ நிம்மதி. சாந்து ஏத்தாததால தரை ஒசரல, கதவையும் இழைக்க வேண்டியதில்ல.

கிலோ கணக்குல பார்த்தா சிமெண்ட விட விலை ரொம்ப கூட, அதுக்குதான் அரை மார்க் கொறைக்கிறேன், 5க்கு நாலரை. இப்ப எந்த கல்ல தட்டுனாலும் கெட்டி சத்தம்தான். வாங்குறவங்க பையில ஐ.எஸ். 15477ன்னு (டைல் அட்ஹெசிவுக்கான இந்தியத் தர நம்பர்) போட்டிருக்கான்னு பாருங்க, போட்ட அப்புறம் ஒரு நாள் முழுக்க யாரையும் மிதிக்க விடாதீங்க.