மலைக்குப் போகையில் குடிதண்ணீருக்கு எது: அடுப்பா, மாத்திரையா, ஃபில்டரா?

ஐப்பசி மழை நேரம். கொடைக்கானல் மேல்மலையில் கூக்கால் பக்கம், நண்பரின் பட்டா நிலத்தில் நாலு பேர் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டிருந்தோம். விடிந்ததும் குடத்தோடு ஓடைக்குப் போனால், தண்ணீர் டிகாஷன் நிறத்தில் ஓடுகிறது. குனிந்து அள்ளப் போனவனை நண்பரின் அப்பா தடுத்தார். "தம்பி, இங்க அள்ளாதீங்க. பூண்டு வயலுக்கு மருந்தடிச்சு நாலு நாளுதான் ஆகுது. மேல போயி அள்ளுங்க." வயலைத் தாண்டி கால் மணி நேரம் ஏறிப் போய் அள்ளி வந்தோம்.

முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான். கீழே நான் எழுதப்போகும் எந்த வழியும் பூச்சிமருந்தை எடுக்காது. கொதிக்க வைத்தாலும், குளோரின் போட்டாலும், வடித்தாலும் அது தண்ணீரிலேயே இருக்கும். தேயிலைத் தோட்டத்துக்கும் காய்கறி வயலுக்கும் கீழே ஓடும் தண்ணீரை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். அதற்கு வேறு மாற்று இல்லை.

எங்களிடம் கேஸ் அடுப்பு இருந்தது, ஒரு பட்டை குளோரின் மாத்திரை இருந்தது, கையால் பிழியும் என்னுடைய ஃபில்டரும் இருந்தது. அந்த இரண்டு நாளில் மூன்றையும் புழங்கினோம். அதற்கு முன்னும் பின்னும் ஏறிய மலைகளையும் சேர்த்துப் பார்த்தால், என் மனம் ஃபில்டர் பக்கம்தான் சாய்கிறது.

கொதிக்க வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷம், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிஷம். பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாம் செத்துவிடும். உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா என்று பலர் கேட்கிறார்கள். 3,000 மீட்டரில் கிட்டத்தட்ட 90 டிகிரியில் கொதிக்கும். கிருமிக்கு அந்தச் சூடு போதும். கலங்கல் தண்ணீரிலும் வேலை செய்வது இதன் பெரிய பலம். கூட்டத்தில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் கொதிக்க வைத்ததையே கொடுங்கள். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஈ வைரஸால் வரும் மஞ்சள் காமாலை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது.

சிக்கல் எரிபொருளில்தான். ஒரு லிட்டர் கொதிக்கப் பத்துப் பதினைந்து கிராம் கேஸ் ஆகும். நாலு பேருக்கு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றால், 230 கிராம் குப்பி ஒன்றரை நாளுக்கே வரும், அதுவும் சோறாக்காமல். அந்தக் குப்பியை விமானத்திலும் கொண்டுபோக முடியாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் மலைகளில் பெரும்பாலானவை வனத்துறை எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை மறந்துவிட்டு, 'சின்ன அடுப்புதானே' என்று யாரும் பேசக் கூடாது. ஆகவே காட்டுக்குள் நடக்கும்போது அடுப்பு கணக்கிலேயே இல்லை. பட்டா நிலத்திலும் சமையல் கூடாரம் உள்ள இமயமலைப் பயணத்திலும் மட்டும்தான் அது துணை.

அடுத்தது மாத்திரை. எடை கிடையாது, பராமரிப்பு கிடையாது, உடையாது, உறையாது. போட்டுக் கலக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கூடுதலாக. பாட்டில் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, மரையிலும் அந்தத் தண்ணீர் படும்படி கசியவிட வேண்டும். வாய் வைக்கிற இடம் அதுதானே. வாங்கும்போது ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று பட்டையைப் படியுங்கள். ஒரு லிட்டருக்கானதும் இருக்கிறது, இருபது லிட்டருக்கானதும் இருக்கிறது. குளோரின் வாடை பிடிக்காதவர்கள் அரை மணி கழிந்தபின் வைட்டமின் சி மாத்திரையில் ஒரு துண்டைப் போட்டால் வாடை அடங்கிவிடும். முன்கூட்டியே போட்டால் குளோரினும் சேர்ந்து அடங்கிவிடும்.

கூக்காலில் மாத்திரை ஏன் காலை வாரியது என்றால், தண்ணீர் கலங்கல். மண்ணும் மக்கிய இலையும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் கிடைக்காது. அதோடு, மாடு மேயும் இடத்துத் தண்ணீரில் வரக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு ஓட்டுக்குள் இருக்கும் வரை சாதாரண குளோரின் உறைக்காது. எங்கள் ஓடைக்கு மேலே இருந்தது மாடு மேயும் புல்வெளி.

ஃபில்டர்களில் உறிஞ்சு குழாய் வகையை நான் சட்டென்று ஒதுக்குவேன். ஓடைக்கரையில் குப்புறப் படுத்து உறிஞ்ச வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தண்ணீர்க் கரை என்பது யானையும் காட்டு மாடும் வருகிற இடம், மழைக்காலத்தில் அட்டையும் ஏறும். போனோமா, பையை நிரப்பினோமா, மேட்டுக்குத் திரும்பினோமா என்று இருக்க வேண்டும். புற ஊதா விளக்கை நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரே ஒரு பயணத்தில் பயன்படுத்தினேன். ஒரு லிட்டருக்கு 90 விநாடி, வாடை இல்லை, வைரஸையும் செயலிழக்கச் செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தாக வேண்டும், பேட்டரியும் இருக்க வேண்டும். ஒரு பயணத்தை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.

இனி பிழியும் ஃபில்டர். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருளை. உள்ளே, சேமியாவை இரண்டாக மடித்துக் கட்டியதுபோல நுண்குழாய்க் கற்றை. ஒவ்வொரு குழாயின் சுவரிலும் 0.1 மைக்ரான் துளைகள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அழுக்குத் தண்ணீரைப் பையில் பிடித்து, வாயில் உருளையைத் திருகிப் பிழிந்தால், சுவர் வழியாகக் கசிந்து சுத்தமான தண்ணீர் மறுபக்கம் வருகிறது. ஈ.கோலை பாக்டீரியா ஏறக்குறைய 2 மைக்ரான் நீளம், அரை மைக்ரான் குறுக்களவு. கிரிப்டோ 4 முதல் 6, ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி அதைவிடப் பெரியது. இவை எதுவும் நுழைய முடியாது. காத்திருக்க வேண்டாம், தீ வேண்டாம், அங்கேயே குடிக்கலாம். பை கிழிந்தால் குளிர்பான பாட்டிலை மாட்டிக்கொள்ளலாம், அதன் 28 மில்லிமீட்டர் மரை பொருந்துகிறது. தண்ணீர் பாட்டில்களின் கழுத்து ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருப்பதால், நான் போகும்போது காலி சோடா பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஃபில்டர் நன்றாக உழைப்பதும் வீணாவதும் ஒரே ஒரு விஷயத்தில்தான்: கழுவுவது. இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கூக்காலில் முதல் மூன்று லிட்டர் நன்றாக இறங்கியது. நாலாவது லிட்டரில் பையைப் பிழியப் பிழிய சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கோபத்தில் இன்னும் அழுத்தினேன், பையின் தையல் விட்டுப்போனது. செய்திருக்க வேண்டியது வேறு. வடித்த தண்ணீரைச் சிரிஞ்சில் ஏற்றி, வெளிவாய் வழியாகப் பின்னோக்கி ஓங்கி அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் சுலபமான துளைகள் வழியாக மட்டும் போய்விடும், அடைப்பு அப்படியே நிற்கும். அன்றைக்கு முதல் சிரிஞ்சில் வந்தது சேறு. நாலாவதில்தான் தெளிந்தது. பிறகு பழையபடி இறங்கியது. கழுவவும் வடித்த தண்ணீர்தான் வேண்டும் என்பதால், கடைசி அரை லிட்டரை யாரும் குடிக்காமல் எடுத்து வைப்பது இப்போது எங்கள் கூட்டத்தில் பழக்கமாகிவிட்டது. அந்தச் சிரிஞ்சை ஓடைத் தண்ணீரில் ஒருமுறை முக்கினாலும் போச்சு. சுத்தமான பக்கத்துக்குள் கிருமியை நாமே ஏற்றிவிடுவோம்.

கலங்கல் தண்ணீரை நேராக ஃபில்டருக்குள் விடுவதும் தப்பு. படிகாரக் கட்டியை வாளியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கும். மேல் தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடித்து, அதன்பின் ஃபில்டருக்கு விடலாம். என் அப்பத்தா பானையின் உட்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார், காலைக்குள் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். தெளிவதும் கிருமி சாவதும் வேறு வேறு. ஆனாலும் அப்படித் தெளிந்த தண்ணீர் ஃபில்டரின் ஆயுளைக் கூட்டும், மாத்திரையின் வேலையையும் சுலபமாக்கும்.

இன்னொரு பாடம் வீட்டில் கற்றது. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணித் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர், நல்ல உப்பு. ஊர் திரும்பிய களைப்பில் போர் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு அலமாரியில் போட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து எடுத்தால் வாய் வைத்து ஊதினாலும் காற்றுப் போகவில்லை. பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை உப்பு அந்த நுண்துளைகளிலும் படிந்துவிட்டது. வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் ஊறவைத்து, சிரிஞ்சால் அழுத்தி அழுத்தி ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்த பிறகே திறந்துகொண்டது. இப்போதெல்லாம் கடைசிக் கழுவல் சிறுவாணித் தண்ணீரில்தான். அதில் சில சொட்டு ப்ளீச் விட்டு உள்ளே ஏற்றி, உதறி, ஒரு வாரம் நிழலில் நிற்க வைத்து உலர்த்துகிறேன்.

உறைபனி இதன் பரம எதிரி. நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளே குழாய்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல இறங்கும். உறைந்தது என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட வேண்டியதுதான். நான் பனியில் போனது ஒரே முறை, டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா. ராத்திரி ஃபில்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். உடன் வந்தவர் கூடாரப் பையில் விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து சமையல்காரர் கொதிக்க வைத்த தண்ணீரையே குடித்தார். பனிக்காலப் பயணம் மட்டும்தான் உங்கள் வழக்கம் என்றால் நான் மாத்திரையையும் அடுப்பையும்தான் சொல்வேன்.

ஃபில்டரின் உண்மையான ஓட்டை வைரஸ். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் 0.03 மைக்ரான், தாராளமாகப் புகுந்துவிடும். எலிக்காய்ச்சல் கிருமியும் மிக ஒல்லியானது, 0.2 மைக்ரான் துளையிலேயே நழுவக்கூடியது. இந்த வைரஸ்கள் பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்தே வருவதால், தண்ணீருக்கு மேலே மனிதர் இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். வெள்ளியங்கிரியில் சிவராத்திரியை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், ஆண்டிச் சுனையில் குளிக்கிறார்கள். அங்கே வடித்த பிறகு மாத்திரையும் போட்டு அரை மணி காத்திருப்பேன். ஃபில்டர் கிரிப்டோவைப் பிடித்துக்கொள்ளும், வைரஸைக் குளோரின் பார்த்துக்கொள்ளும், தண்ணீர் தெளிவாக இருப்பதால் குளோரினும் வீணாகாது. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டு ஊற்றென்றால் வடித்து மட்டும் குடிக்கிறேன். இதுவரை வயிறு கெட்டதில்லை. ஆனால் ஒருவன் வயிற்றை வைத்து உறுதி கூற முடியாது.

கிளம்பும் முந்தைய ராத்திரி வீட்டுக் குழாயில் ஒரு லிட்டர் பிடித்து, கடிகாரம் பார்த்துப் பிழிகிறேன். புதிதில் ஒரு நிமிஷம் ஆனது, இப்போது ஒன்றரை. இரண்டைத் தாண்டினால் அன்றைக்கே வினிகர். சிரிஞ்சை ஃபில்டரோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுகிறேன், மறந்துவிட்டுப் போனால் மூன்றாவது லிட்டரோடு அது வெறும் பிளாஸ்டிக் உருளை.