சமய உளவியல்: ஓர் இணையவழிப் பாடநெறி குறித்த மதிப்புரை

உளவியலும் சமயவியலும் சந்திக்கும் இடத்தை ஆறு வாரங்களில் அறிமுகப்படுத்தும் இந்தப் பாடநெறியை அண்மையில் முடித்தேன். இதன் உயிர் இரண்டாம் வாரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளரும் தத்துவ அறிஞருமான வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவம் குறித்து 1901-02இல் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு, உளவியலாளர் ஸ்டார்பக் வினாப்பட்டியல் அனுப்பித் திரட்டிய சமய மனமாற்ற வாக்குமூலங்கள் எவ்வளவு கைகொடுத்தன என்பதை ஆசிரியர் நிதானமாக விளக்குகிறார். நிறுவனங்களையும் சடங்குகளையும் ஒதுக்கிவைத்து, தனிமனிதரின் உணர்வையே ஜேம்ஸ் சமயத்தின் மையமாகக் கொண்டதையும், அந்தத் தேர்வையே பின்வந்த சமயவியலாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியதையும் அவர் அடுத்தடுத்து வைக்கும்போது, இரு துறைகளுக்கும் இடையிலுள்ள பிணக்கு கண்முன் விரிகிறது.

ஆழ்மனத்தை ஆராய்ந்த உளவியல் முன்னோடிகளான பிராய்டும் யுங்கும் ஒரே வகுப்பில் முடிந்துவிடுகிறார்கள். அறிமுகத்திற்கு அது போதும்.

என் மனக்குறை ஐந்தாம் வாரத்தைப் பற்றியது. நம்பிக்கையை அதன்பொருட்டே வாழ்பவர், ஆறுதலுக்கும் சமூக மதிப்புக்கும் அதைப் பயன்படுத்துபவர் என்று பிரித்தறிய உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ராஸும் 1967இல் வெளியிட்ட அளவுகோலை, எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்துவது போலவே பாடம் கையாள்கிறது. அது அமெரிக்கத் தேவாலய உறுப்பினர்களிடையே உருவானது. அதன் கூற்றுகள் பலவற்றில் தேவாலயமே பேசப்படுகிறது. வழிபாட்டிடத்திற்குத் தவறாமல் செல்வதைக் கடமையாகக் கருதாத மரபினர் அதற்கு எப்படி விடையளிப்பார்கள்? கலந்துரையாடலில் இதைக் கேட்டேன், பதில் வரவில்லை. சமயவியலில் முன்பே ஓரளவு பழக்கமுள்ளவர்களுக்கு, முதல் நான்கு வாரங்களுக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.