நாற்றா, விதையா, கட்டைத் தளிரா? திருகோணமலைப் பற்றைக் காணிக்கு எது பொருந்தும்

சேனைப் பயிருக்காகக் காடு வெட்டிக் கைவிட்ட காணியில் நாட்டு மரம் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் நாற்றுமேடைக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் காணிக்குள் இறங்கி அடிக்கட்டைகளை எண்ண வேண்டும். கந்தளாய், திரியாய்ப் பக்கப் பற்றைகளில் தறிபட்ட வீரை, முதிரை மரங்களின் கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடு இருந்து மீண்டும் தளிர்ப்பதுண்டு.

நாலைந்து இடங்களில் 33 அடிச் சதுரம் அளந்துகொள்ளுங்கள். அது ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. தளிர்விட்ட கட்டையும் முழங்கால் உயரக் கன்றுமாகச் சதுரத்துக்கு எட்டு நின்றால், ஏக்கருக்கு 320. அங்கே காணி முழுக்கக் கிடங்கு வெட்டுவது வீண்செலவு. கட்டைக்கு நேரான தளிர் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழியுங்கள். சுற்றி மூன்றடிக்குப் புல் பிடுங்கி, மாடு நுழையாமல் அடையுங்கள். கச்சான் என்ற காய்ந்த தென்மேற்குக் காற்று தொடங்குமுன் எல்லையோரம் பத்தடி அகலத்துக்குச் செதுக்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், காய்ந்த கினிப்புல்லில் பிடிக்கும் தீ ஒரு மத்தியானத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடும். ஒரு குறை: இருந்த இனம்தான் திரும்பும். தாய்மரமே இல்லாத இடத்தில் பாலை, கருங்காலி மரங்கள் தாமாக வரா.

விதையை நேரே ஊன்றுவது மலிவு, ஆனால் காலம் இடிக்கும். பாலையும் நாவலும் பழுப்பது வெயிலில், மாரி வருவதோ ஒக்டோபரில். நாவல் கொட்டை சில கிழமைகளில் முளைப்பை இழந்துவிடும். கொன்றை, விடத்தல் போன்ற கடினத்தோல் விதைகளுக்கே இந்த வழி சரி. அவற்றையும் ஒருபக்கம் கல்லில் உரசி, ஓரிரவு ஊறவைத்து ஊன்றுங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலானவை முளைக்காமலே கிடக்கும்.

ஆகவே பாலைக்கும் கருங்காலிக்கும் நாற்றுத்தான். செலவும் இதில்தான் அதிகம். பாலை மெதுவாக வளரும். அடுத்த ஆண்டு மாரிவரை பையில் வைத்திருக்க நேரும். பை சிறிதானால் ஆணிவேர் அடியில் சுருளும். சுருளை வெட்டாமல் நட்ட கன்று ஓரிரு வருடம் பச்சையாக நின்று, வறட்சியில் திடீரெனப் பட்டுப்போகும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நிழலையும் தண்ணீரையும் குறைத்துவாருங்கள். மண் ஒரு முழம் நனைந்தபின் ஒன்றரை அடிக் கிடங்கு வெட்டி, நவம்பருக்குள் நட்டு முடியுங்கள். தை மாதத்தில் நட்டால் வேர் ஆழம் போகுமுன் மழை நின்றுவிடும். ஈரம் காக்கப் போடும் சருகு மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பத்தடி இடைவெளியில் முழுக் காணிக்கும் ஏக்கருக்கு 435 கன்று தேவை. கட்டைகள் உள்ள காணியில் வெறுமையான இடங்களுக்கு மட்டும் போதும். இளம் பாலைக்கு நிழல் தரும் பற்றையை வெட்டித் தள்ளாதீர்கள். கிறவல் அள்ளிய நிலத்தில் கட்டையும் இல்லை, மேல்மண்ணும் இல்லை. அங்கே நாற்றைத் தவிர வழி கிடையாது. கிடங்கை நிரப்ப வேறிடத்திலிருந்து மேல்மண்ணும் மக்கிய சாணமும் கொண்டுவந்தே ஆகவேண்டும்.