சால்க் ஆய்வுக்கூடம்: இத்தனை ஆண்டுப் புழக்கத்தில் தாங்கியதும் தாங்காததும்

கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில், பசிபிக் கடலைப் பார்த்து நிற்கும் சால்க் ஆய்வு நிறுவனத்தின் படம் என்றால் நடுமுற்றமும் அதில் ஓடும் மெல்லிய நீர்க்கோடும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்து 1965-இல் முடிந்த கட்டடம் இன்றும் ஆய்வகமாகவே ஓடுகிறதென்றால், அதற்குக் காரணம் படத்தில் வராத குழாய்த் தளங்கள்.

முற்றத்தின் இருபுறமும் ஆறு தளக் கட்டடங்கள். ஆறில் மூன்றுதான் ஆய்வகம். ஒவ்வோர் ஆய்வகத்தின் தலைக்கு மேலும் ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய ஒரு முழுத் தளம் குழாய், காற்றுப்பாதை, மின்கம்பிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆய்வகம் 245 அடி நீளம், 65 அடி அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. சுமையைத் தாங்குவது பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டன்ட் கணக்கிட்ட, 9 அடி உயர வீரெண்டீல் சட்டகங்கள். சாதாரண ட்ரஸ் சட்டகத்தில் சாய்வான குறுக்குக் கம்பிகள் வழியை மறிக்கும். இதில் அவை கிடையாது. செவ்வக இடைவெளிகள் மட்டுமே. பெரிய காற்றுப்பாதையும் போகலாம், பழுது பார்க்கிறவரும் போகலாம்.

இதன் அருமை தெரிவது ஆய்வகத்தை மாற்றியமைக்கும் நாளில்தான். நச்சுப்புகை உறிஞ்சும் கூண்டு ஒன்றை இடம் மாற்ற வேண்டுமானால், மேல்தளத்தில் வால்வை மூடி, கிளைக்குழாயை வெட்டி, கூரையில் விட்டிருக்கும் பிளவு வழியாகப் புதிய இடத்தில் இறக்கினால் போதும். சுவரை உடைக்கத் தேவையில்லை, பக்கத்து மேசையில் வேலையும் நிற்காது. ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட தளங்களில் பயன்பாட்டில் இல்லாத செத்த குழாய்கள் சேர்ந்துகொண்டே போகும். கழற்றாமலோ பெயர்ச்சீட்டு ஒட்டாமலோ விட்டால், எதை மூடினால் எது நிற்கும் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

இதற்கு முன் கான் கட்டிய ஃபிலடெல்ஃபியாவின் ரிச்சர்ட்ஸ் ஆய்வகத்தில் நடந்தது வேறு. அறைகள் சிறியவை, வெயில் கண்ணைக் கூச, உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டார்கள். சால்க்கில் ஆய்வாளர்களின் தனிப் படிப்பறைகளை ஆய்வகத்திலிருந்து பிரித்துக் கோபுரங்களில் வைத்ததும், தரைக்குக் கீழுள்ள தளங்களுக்கு 40 அடி நீளம், 25 அடி அகலத்தில் ஒளிக்கிணறுகள் வெட்டியதும் நல்ல முடிவுகள். மேசைக்கும் படிப்பறைக்கும் இடையே வெளியில் நடக்க வேண்டியிருப்பது சிலருக்கு எரிச்சல், சிலருக்கு வரம்.

கான்கிரீட் நன்றாகவே நின்றிருக்கிறது. அடி வாங்கியது தேக்கு. கோபுரங்களில் 203 தேக்குச் சாளரத் தொகுதிகள் உண்டு. கடற்காற்றில் தேக்கு வெள்ளிச் சாம்பல் நிறமாகும் என்று நினைத்திருக்க, பல இடங்களில் கருத்தது. பூஞ்சைப் படலம்தான் காரணம். அருகிலுள்ள யூக்கலிப்டஸ் மரங்களிலிருந்து வந்திருக்கலாம் என்பது கலைப்பொருள்களையும் பழைய கட்டடங்களையும் பேணும் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு முடிவு. கருப்பை மறைக்கப் பின்னாளில் பூசிய பூச்சுகள் நிறத்தை இன்னும் திட்டுத்திட்டாக்கின. கரையானும் புகுந்தது. ஆனால் மூலத் தவறு கட்டும்போதே நடந்தது: சாளர இணைப்புகளில் மழைநீரைத் திருப்பிவிடும் தகடும், இடுக்கை அடைக்கும் பட்டையும் வைக்கவில்லை. அடைப்புப் பசை காய்ந்து வெடித்ததும் நீர் நேரே உள்ளே இறங்கியது. 2017-இல் முடிந்த சீரமைப்பில் பழைய தேக்கின் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடிந்தது. மரம் நல்ல மரம் என்பதால்தான்.

இதைப் பார்த்துக் குழாய்த் தளம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் செலவையும் பார்க்க வேண்டும். 11 அடி உயர ஆய்வகத்துக்கு மேல் 9 அடி உயரக் குழாய்த் தளம் என்றால் கட்டும் கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவியும் குழுவும் மாறும் உயிரியல் ஆய்வகத்துக்கு அது கட்டுப்படியாகும். கணினியும் மேசையும் மட்டும் உள்ள இடத்துக்குத் தண்டம். அங்கே நடைபாதை ஓரத்தில் திறந்து மூடக்கூடிய செங்குத்துக் குழாய்ப்பாதையே போதும்.